ஆறு சிலிண்டர் மாப்பிள்ளை

மூன்றாவது தொப்பியும் கழன்றபோதுதான் லயனலுக்கு ஏதோ இடித்தது.

முதல் தொப்பி ஒரு பால்காரருடையது. ஆக்டன் ஊருக்குள் இறங்கும் சரிவில் கார் திரும்பியதும் அவர் குதிரையை இழுத்து நிறுத்தி, தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார். இரண்டாவது, சுவரில் சாய்ந்து பைப்பில் புகை பிடித்துக்கொண்டிருந்த கிழவருடையது. இருவருக்கும் லயனல் பெருந்தன்மையாகத் தலையை அசைத்தான். பிராட்ஃபோர்டில் பியானோ விற்கும் அவனுக்கு, முப்பத்தாறு வயதுவரை யாரும் தொப்பி கழற்றியதில்லை. இப்போது கழற்றுகிறார்கள் என்றால் காரணம் கண்ணெதிரே நீண்டு கிடந்தது. கறுப்பு மூக்கு, தாழ்ந்த கூரை, கம்பிச் சக்கரம், கவென்ட்ரியில் செய்த ஆறு சிலிண்டர் எஞ்சின். வாங்கி ஐந்து நாள்தான் ஆகிறது. மரியாதை காருக்கே என்றாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கும் கொஞ்சம் சேரும்தானே.

ஆனால் மூன்றாவது ஆள் தொப்பியைக் கழற்றியதோடு நிற்கவில்லை. தன் நாயின் முதுகை அமுக்கி அதையும் உட்கார வைத்தார். நாய் உட்கார்ந்து லயனலைப் பரிதாபமாகப் பார்த்தது.

"நாய்க்குக்கூட ஆறு சிலிண்டர்னா தெரியுது" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். குரல் அவ்வளவு தெம்பாக வரவில்லை.

காருக்குள் ஒரு வாசனை வேறு. வெள்ளை லில்லிப் பூ வாசனை. கண்ணாடியை இறக்கிவிட்டு எவ்வளவு தூரம் ஓட்டினாலும் அது போகவில்லை. டேஷ்போர்டு அறையில் பழைய சொந்தக்காரர் மறந்துவிட்டுப் போன கறுப்புக் கையுறை ஒரு ஜோடியும் அளவெடுக்கும் டேப் ஒன்றும் இருந்தன. யாரோ தையல்காரர் போலிருக்கிறது என்று நினைத்தான். கையுறை கைக்குச் சரியாக இருந்ததால் அக்டோபர் குளிருக்கு அதையே மாட்டிக்கொண்டான்.

காரை அவனுக்குக் காட்டிக்கொடுத்தது நோராதான். பத்திரிகை விளம்பரம் ஒன்றைக் கத்தரித்துக் கடிதத்தோடு அனுப்பியிருந்தாள். 'ஒரே சொந்தக்காரர். மேடுகளில் மிக வேகம். சொந்தக்காரரின் வாடிக்கையாளர் ஒருவர்கூட இதுவரை குறை சொன்னதில்லை.' அதன் கீழே, 'அப்பாவைப் பார்க்க வரும்போது இதில் வந்தால் மதிப்பாக இருக்கும்' என்று தன் கையெழுத்தில் சேர்த்திருந்தாள். நோரா சொன்னால் லயனல் யானையைக்கூட வாங்கியிருப்பான்.

அன்றைய ஞாயிறு அவனுக்கு வாழ்வா சாவா என்ற நாள். மறுவாரம் நியூகாஸில் கிளைக்கு மேனேஜராகப் போகிறான். நோரா மனைவியாகக் கூட வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருடக் காதல் வெறும் தபால்தலைகளாகவே முடிந்துவிடும். அவளோ தன் அம்மாவின் கடைசி நேரத்தில் வாக்குக் கொடுத்திருந்தாள். அப்பா தன் வாயால் 'சரி' என்று சொல்லாமல் வீட்டை விட்டுப் போவதில்லை என்று.

அந்த அப்பா, தறி மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற எஸ்ரா கிராப்ட்ரீ, பதினோரு வருடமாக அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் தப்பித்து வருகிறார். பெண் கேட்டு ஆள் வருகிறான் என்று தெரிந்தால் போதும், மாடியில் போய்ப் படுத்துவிடுவார். நெஞ்சு வலி, மூச்சு இழுப்பு, எங்கே புதைக்க வேண்டும் என்ற பேச்சு. ஒரு வாத்தியார், ஒரு ரயில்வேக்காரர், ஒரு ரொட்டிக் கடைக்காரர் என்று மூன்று பேர் அந்த மரணப் படுக்கையைப் பார்த்துவிட்டு வந்த விஷயத்தையே சொல்லாமல் திரும்பிவிட்டார்கள். ரொட்டிக் கடைக்காரர் அழுதுகொண்டே போனாராம்.

லூம் தெருவுக்குள் கார் நுழைந்தபோது பெண்கள் எதிரெதிர் வாசல்களில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு என்றால் சத்தமில்லாத பேச்சு. தறி இரைச்சலில் காது போன மில் ஊர் அது. உதட்டை மட்டும் அசைத்தே ஊர்வம்பு முழுவதையும் தெருவைத் தாண்டி அனுப்பிவிடுவார்கள். கிராப்ட்ரீ வீட்டு வாசலில் கார் நின்றதும் அத்தனை உதடுகளும் நின்றன. பிறகு ஒரே சமயத்தில், வேகமாக, ஓசையே இல்லாமல் அசைய ஆரம்பித்தன. எல்லாக் கண்களும் அந்த வீட்டு மாடி ஜன்னலையே பார்த்தன.

லயனல் இறங்கி, அவர்களுக்கும் ஒரு முறை தலையை அசைத்துவிட்டுக் கதவைத் தட்டினான்.

கதவைத் திறந்தது நோரா. முப்பத்திரண்டு வயது. அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"வந்துட்டீங்களா?" என்றவள் காரை ஒரு முறை நிதானமாகப் பார்த்தாள். "வாசலுக்கு நேராவே நிறுத்திட்டீங்க. நல்லதாப் போச்சு."

"நோரா, உங்க ஊர்ல என்னைப் பாத்து எல்லாரும் தொப்பி கழட்டறாங்க."

"மரியாதை தெரிஞ்ச ஊரு. உள்ள வாங்க."

முன் அறைக்குள் வந்ததும் அவள் ஜன்னல் திரையை இழுத்து இறக்கினாள். "வெயில் பட்டா சோபாத் துணி வெளுத்துடும்" என்றாள். வெளியே மேகம் கூரையில் உட்கார்ந்திருந்தது.

சுவர்க் கடிகாரம் இரண்டு பத்தில் நின்றிருந்தது.

"கடிகாரம் ஓடலையே?"

"சாவி கொடுக்க மறந்துட்டேன்."

லயனல் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தான். எதிர் வீட்டில் ஒரு திரை இறங்கியது. அதற்கடுத்த வீட்டில் இன்னொன்று. பிறகு தெருக்கோடி வரை, யாரோ விளக்கை ஒவ்வொன்றாக ஊதி அணைத்துக்கொண்டு போவது போல, எல்லா ஜன்னல்களும் மூடிக்கொண்டன. யாராவது இறந்தால் திரையை இறக்குவதும் கடிகாரத்தை நிறுத்துவதும் அந்தப் பக்கத்து வழக்கம்.

"தெருவுல யாரோ தவறிட்டாங்க போலிருக்கே, நோரா. தப்பான நாள்ல வந்துட்டேனோ?"

"அப்படியெல்லாம் இல்ல. நான் போய் டீ போடறேன்."

அவள் சமையலறைக்குள் போன மறு நிமிடம் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு மிஸஸ் சக்டன் நின்றிருந்தாள். கையில் வெள்ளைத் துணி போர்த்திய முழுப் பன்றித் தொடை. யார்க்ஷயரில் முழுத் தொடை எந்த வீட்டுக்குப் போகும் என்பது லயனலுக்கும் தெரியும். சாவு வீட்டுக்குத்தான்.

"எப்ப ஆச்சு, தம்பி?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "பாவம், பதினோரு வருஷமா சொல்லிட்டே இருந்தாரு. நாங்கதான் நம்பல."

"ஐயையோ, மிஸ்டர் கிராப்ட்ரீயவா சொல்றீங்க? அவருக்கு ஒண்ணும் ஆகல!"

"ஆமா, ஆமா" என்று அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரர் போனப்ப நானும் இப்படித்தான் சொன்னேன்."

"நிஜமாத்தாங்க! வேணும்னா மேல வந்து நீங்களே பாருங்க!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். திரை இறங்கிய வீட்டில் ஒருவன் அக்கம்பக்கத்தாரை மாடிக்கு வந்து பார்க்கச் சொன்னால் அவர்கள் எதைப் பார்க்க வருவார்கள் என்று பிராட்ஃபோர்டுக்காரனுக்குத் தெரியாதா என்ன?

"கூப்பிட்டதுக்கு நன்றி, தம்பி. கறுப்பு மாத்திட்டு இதோ வர்றோம்" என்று தொடையை அவன் கையில் கொடுத்துவிட்டு மிஸஸ் சக்டன் போய்விட்டாள்.

லயனல் தொடையோடு மாடிக்கு ஓடினான். எஸ்ராவை எழுப்பி உட்கார வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் எஸ்ரா மாப்பிள்ளைக்குக் காட்டுவதற்காக ஏற்பாடாகப் படுத்தவர், மதியச் சாப்பாட்டின் கனத்தில் அப்படியே தூங்கிப்போயிருந்தார். மல்லாந்த முகம், மார்பில் கோத்த கைகள், வெள்ளைப் போர்வை. சும்மா சொல்லக் கூடாது, பதினோரு வருடப் பயிற்சி நன்றாகத்தான் தெரிந்தது.

"சார்! சார்!" என்று கத்தினான். தறி இரைச்சலில் காது போன மனிதரை இருந்த இடத்திலிருந்து கத்தி எழுப்ப முடியுமா? தொடையைக் கீழே வைக்க இடம் தேடுவதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

கறுப்பு உடையில் மூன்று பெண்கள் வந்து கட்டிலின் கால்மாட்டில் வரிசையாக நின்றார்கள். மரியாதைக்குச் சத்தமில்லாமல் உதட்டால் பேசிக்கொண்டார்கள். அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். அப்போது எஸ்ராவின் இடது இமை ஒரு நூலளவு உயர்ந்ததை லயனல் பார்த்தான். கண் அந்த உதடுகளையே சற்று நேரம் பார்த்தது. பிறகு இறுக மூடிக்கொண்டது. போர்வைக்குள் ஏதோ வெடவெடவென்று ஆடியது.

"இப்பத்தான் அமைதியா இருக்காரு" என்று இறங்கும்போது மிஸஸ் சக்டன் லயனலின் காதில் சொன்னாள். "உயிரோட இருந்தப்ப ஒரு நாள் இப்படி இருந்ததில்ல."

அவர்கள் போனதும் எஸ்ரா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "தம்பி, நான் எப்ப போனேன்?"

லயனல் அவர் தோளை உலுக்கித் தன் முகத்தைப் பார்க்க வைத்தான். "எங்கயும் போகல, சார். உயிரோடதான் இருக்கீங்க."

"மறைக்காத. சக்டன்காரி வாயைப் படிச்சேன். 'முகம் நல்லா வந்திருக்கு'ங்கறா. இன்னொருத்தி 'வர்ற கூட்டத்துக்கு ஒரு தொடை பத்துமா'ங்கறா." அப்போதுதான் லயனலின் கையில் இருந்ததைப் பார்த்தார். "பத்தாது" என்றார் பலவீனமாக.

"சார், நான் லயனல். நோராவைப் பொண்ணு கேட்டு வந்திருக்கேன்."

"கறுப்புக் கையுறை போட்டுக்கிட்டா?"

லயனல் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான். தொடையும் சேர்ந்து பின்னால் போனது.

எஸ்ரா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். எதிர்வரிசை வீடுகள் அத்தனையும் கண்மூடிக் கிடந்தன. "இந்தத் தெருவுல இத்தனை திரை சும்மா இறங்காது" என்றார்.

நோரா டீ கொண்டுவந்தாள். தட்டில் இரண்டு கோப்பைகள்தான் இருந்தன. அப்பாவின் பக்கம் திரும்பாமலே ஒன்றை லயனலிடம் கொடுத்துவிட்டு, மற்றதோடு போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

"நோரா! எனக்கு?" என்றார் எஸ்ரா.

அவள் முதுகு திரும்பவில்லை. எஸ்ரா லயனலின் சட்டையைப் பிடித்தார். "பாத்தியா? நான் பேசறது அவளுக்குக் கேக்கல."

உண்மையில் நோரா ஏதோ யோசனையில் இருந்திருப்பாள். பாவம், இன்று அவளுக்கும் எவ்வளவு படபடப்பு இருக்கும் என்று லயனல் மனம் இரங்கினான். கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "அப்பாவைக் காருல ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்களேன். நாலு பேர் பாத்தா அவருக்கும் தெளிஞ்சுடும், ஊருக்கும் தெளிஞ்சுடும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பன்றித் தொடையைக் கட்டிலில் போட்டுவிட்டு, போர்வையோடு எஸ்ராவை மெல்ல வாசலுக்கு இறக்கினான். காரைப் பார்த்ததும் அவர் நட்டு வைத்தது போல நின்றுவிட்டார். முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச இரத்தமும் போய்விட்டது.

"இந்த வண்டியா வந்திருக்கு?"

"ஆமா சார். ஆறு சிலிண்டர்."

எஸ்ரா எதிர்த்துப் பேசவில்லை. வாழ்நாளில் முதல் முறையாக யாரோ சொன்னதை அப்படியே கேட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "வலிக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"வலிக்கவே வலிக்காது. சீட்டெல்லாம் நல்ல தோல். மேடு பள்ளமே தெரியாது."

"ரொம்ப தூரமோ?"

"சர்ச் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்."

"திரும்பி வேற வரணுமா?"

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்த மிஸஸ் சக்டன், முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த எஸ்ராவைக் கண்டாள். "பெட்டிகூட வைக்காமலா!" என்று அலறி வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

ஞாயிறு மாலை நடைக்கு ஊரே தெருவில் இருந்தது. எஞ்சின் சத்தம் கேட்ட இடமெல்லாம் பேச்சு அறுந்தது. இரண்டு பக்கமும் தொப்பிகள் கழன்றன. யாரும் நிமிர்ந்து உள்ளே பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்கள். பூங்காவில் பித்தளை வாத்தியக் கோஷ்டி துள்ளலாக ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தது. கார் வளைவில் திரும்பியதும் வாத்தியங்கள் பாதியில் நின்றன. சில நொடி அமைதிக்குப் பிறகு மிக மெதுவாக ஒரு பிரார்த்தனைப் பாட்டு கிளம்பியது.

"எனக்காகவா?" என்றார் எஸ்ரா. அவருக்குப் பாட்டு கேட்கவில்லை. ஆனால் டிரம் அடிப்பவன் எவ்வளவு மெதுவாக அடிக்கிறான் என்று தெரிந்தது.

லயனல் அவர்களை நிமிர்ந்து பார்க்க வைக்க நினைத்தான். ஹாரனை அடித்தான். அது நீளமாக, தாழ்ந்த குரலில், ஒப்பாரி மாதிரி ஒலித்தது. இன்னும் நாலு தொப்பிகள் இறங்கின.

தபால் நிலைய மூலையில் ஒல்லியான கிழவர் ஒருவர் நின்றிருந்தார். எஸ்ரா லயனலின் முழங்காலை இறுகப் பிடித்தார். "ஜபேஸ்! பந்தயப் புறா தகராறுல ஒம்பது வருஷமா என் மூஞ்சில முழிக்காதவன்!"

ஜபேஸ் காரைப் பார்த்தார். மெல்லத் தொப்பியைக் கழற்றினார். கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதான்" என்றார் எஸ்ரா. "உயிரோட இருக்கறவனுக்கு அவன் தொப்பி கழட்ட மாட்டான்."

கார் தபால் நிலையத்தைத் தாண்டியது. பிறகு எஸ்ரா பேசியபோது, அந்தக் குரலில் நடிப்பு துளியும் இல்லை.

"பதினோரு வருஷமா அவளைக் கட்டிப் போட்டுட்டேன், தம்பி. டீ போட ஆள் வேணும்னுதான். வேற ஒரு காரணமும் கிடையாது. இப்ப டீயும் தேவையில்ல. நோராவைக் கட்டிக்க. சரி. நான் சரின்னு சொல்லிட்டேன்."

லயனலுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு ஏங்கிய சொல் இப்படியா கிடைக்க வேண்டும்? சந்தோஷப்படவும் வெட்கமாக இருந்தது. வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போன நேரம் எஞ்சின் இரண்டு முறை இருமி ஓய்ந்தது. பெட்ரோல் முள் பாதியில்தான் நின்றது. ஆனால் வண்டி சரிவில் தானாக உருண்டது. ஓசையே இல்லாமல் இறங்கி, வழி தெரிந்தது போல ஒரு திருப்பத்தில் ஒதுங்கி, ஒரு கறுப்புக் கதவுக்கு முன்னால் வந்து நின்றது. பலகையில் தங்க எழுத்தில் எழுதியிருந்தது: 'ஆம்ப்ளர். சவப்பெட்டி, சவ அடக்கம்.'

எஸ்ரா பலகையைப் படித்தார். மறுபேச்சில்லாமல் கைகளை மார்பில் கோத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவு திறந்தது. வாயோரம் கேக் துணுக்கோடு ஒரு குண்டு மனிதர் எட்டிப் பார்த்தார். "அட, எஸ்ராவா? ஞாயித்துக்கிழமை அதுவுமா போர்வையோட எங்க கிளம்பிட்ட?"

எஸ்ராவுக்குக் கேட்கவில்லை. லயனல் உலுக்கினான். கண்ணைத் திறந்தவர் நேராகக் கேட்டார்: "ஆம்ப்ளர், சுத்தி வளைக்காம சொல்லு. நான் செத்துட்டேனா?"

ஆம்ப்ளர் அவரை மேலும் கீழும் தொழில் பார்வை பார்த்தார். கன்னத்தை ஒரு முறை தொட்டும் பார்த்தார். "இல்ல" என்றார். "எனக்குத் தெரியாம நீ எப்படிச் சாவ?"

இந்த விஷயத்தில் ஆக்டனில் ஆம்ப்ளர் பேச்சுக்கு மேல் பேச்சு கிடையாது. எஸ்ரா காரை விட்டு ஒரே குதியாகக் குதித்தார். போர்வையை உதறினார். நடைபாதையில் இரண்டு முறை கால்களை உதைத்துப் பார்த்தார். "பசிக்குது!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

லயனல் தயங்கித் தயங்கி அவர் எதிரில் போய் நின்றான். பேசாமல் இருந்துவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் நோராவை அப்படி அழைத்துக்கொண்டு போக அவனுக்கு மனம் வரவில்லை. "சார், செத்துட்டோம்னு நினைச்சு ஒரு வார்த்தை சொன்னீங்க. அதை நான் பிடிச்சு வச்சுக்க மாட்டேன்."

எஸ்ரா உதறிய போர்வையை எடுத்து மடித்து அவன் கையில் கொடுத்தார்.

"நாப்பது வருஷம் தறி மேஸ்திரி, தம்பி. சொன்னது சொன்னதுதான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதோட, இனிமே நான் படுத்தா அந்தச் சக்டன்காரி எந்திரிக்க விட மாட்டா."

சொல்லிவிட்டு ஆம்ப்ளர் வீட்டுக் கேக்கைத் தேடி அவர் உள்ளே போனார். ஆம்ப்ளர் கொட்டகையிலிருந்து ஒரு டின் பெட்ரோல் கொண்டுவந்து, ரொம்ப நாள் பழக்கம் போல, பார்க்காமலே மூடியைத் திறந்து ஊற்றினார்.

"இந்த முள் எப்பவும் பாதியிலதான் நிக்கும். நம்பாதீங்க. ஏழு வருஷம் நான் ஓட்டின வண்டி."

"உங்க வண்டியா?"

"பின்ன? இந்தப் பள்ளத்தாக்குல யாராவது கண்ணை மூடினா பக்கத்து ஊர்க்காரன் எனக்கு முன்னாடி வந்து அளவெடுத்துட்டுப் போயிடுவான். அதுக்குத்தான் ஆறு சிலிண்டர். அப்புறம் ஒருத்தனும் என்னை முந்தல. இது யார் வாசல்ல நிக்குதோ, அந்த வீட்ல ஒருத்தர் போயிட்டாங்கன்னு ஊருக்கே தெரியும்."

கையுறை, டேப், லில்லி வாசனை எல்லாம் வரிசையாக வந்து லயனலின் தலையில் இடித்தன. காரின் மூக்கில் சாய்ந்துகொண்டான்.

"அடக் கடவுளே! இது தெரியாம அவங்க வாசல்லயே கொண்டுபோய் நிறுத்திட்டேனே! மிஸ்டர் ஆம்ப்ளர், தயவுசெஞ்சு இதை நோராகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வெள்ளந்திப் பொண்ணு. தாங்க மாட்டா."

ஆம்ப்ளர் டின்னைக் கீழே வைத்துவிட்டு, எஸ்ராவைப் பார்த்ததைவிட நிதானமாக அவனைப் பார்த்தார்.

"எனக்கு இதை விக்கற எண்ணமே இல்ல, தம்பி. 'ஊருக்கே தெரிஞ்ச வண்டிதான் வேணும்'னு மார்ச் மாசத்துலேருந்து வாராவாரம் இங்க வந்து நின்னது நோராதான். அந்த விளம்பரத்தைக்கூட அவதான் உக்காந்து எழுதிக் கொடுத்தா."